கறுப்புத் துணியும் நான்கு முகமூடியும் போதுமா?

பொருட்காட்சிக்காரன்:
"பொருட்காட்சியில் பேய் வீடு போடக் கறுப்புத் துணியும் நான்கு முகமூடியும் போதும், அப்பளக் கடைக்கு ஆகும் முதலீட்டில் பாதிதான், லாபமோ பத்து மடங்கு" என்று கணக்குப்பிள்ளை நேற்று இந்த மன்றத்தின் சிறுதொழில் இழையில் எழுதியிருந்தார். மதுரை, சேலம், சென்னை என்று பதினொரு ஆண்டுகள் பேய் வீடு போட்டு, கடைசியில் கடனோடு வெளியே வந்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பேய் வீட்டுக்குள் கூட்டத்தை மொத்தமாக விட முடியாது. ஐந்து பேரை அனுப்பினால், அவர்கள் சவப்பெட்டியைத் தாண்டும் வரை அடுத்த ஐந்து பேரை வாசலில் நிறுத்தியாக வேண்டும். முன்னால் போகிறவர்கள் எங்கே அலறுகிறார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் பயம் ஏது? பெட்டிக்குள் குந்தியிருக்கும் பையன் ஒரு மாலையில் நூறு தடவைக்கு மேல் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்த வேண்டும். மூன்றாம் நாள் அவன் தொண்டை கட்டிவிடும். பயந்தவன் கை முதலில் பாய்வதும் அந்தப் பையன் முகத்தில்தான். உதடு கிழிந்து இரண்டு தையல் போட்ட பையனின் அம்மாவுக்குப் பதில் சொன்னவன் நான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது தீ. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டை எரிந்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். டிரெய்லர்களைக் கோத்துக் கட்டிய அமைப்பு அது. தற்காலிகம் என்று கருதப்பட்டதால் நிரந்தரக் கட்டடத்துக்குரிய விதிகள் அதன்மேல் பாயவில்லை. தீ பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் கருவி ஒன்றுகூட உள்ளே இல்லை. நம் ஊர் ஸ்டால்கள் எல்லாமே தற்காலிகம்தான் என்பதைக் கணக்குப்பிள்ளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி, கதை உருக்கமாக இருக்கிறது, கணக்குத்தான் காணவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஐந்து பேர் என்றால் மணிக்கு 150 பேர். ஆறிலிருந்து பத்து மணி வரை 600 பேர். ஐம்பது ரூபாய் டிக்கெட் என்றால் ஒரு மாலைக்கு 30,000 ரூபாய். தீவுத்திடல் பொருட்காட்சி ஏறத்தாழ 70 நாள் நடக்கும் என்று வைத்துக்கொண்டால் 21 லட்சம். இதில் கடன்பட்டவர் தன் நிர்வாகத்தைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

நியூஜெர்சித் தீயைப் பற்றிப் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். உள்ளே போன ஒரு பையன் கொளுத்திய லைட்டரிலிருந்துதான் தீ பிடித்தது என்பது சாட்சியம். 1985-ல் ஜூரி, பூங்கா நிறுவனத்தை விடுதலை செய்தது. லைட்டர் வாடிக்கையாளருடையது, பழி மட்டும் முதலாளிக்கா?

பொருட்காட்சிக்காரன்:
எழுபது நாளும் ஞாயிற்றுக்கிழமையா, ஐயா? செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை வரை பேய் வீட்டு வாசலில் நிற்பது டிக்கெட் கிழிப்பவன் மட்டும்தான். ஞாயிறன்று வரிசை ராட்டினம் வரை நீளும், ஆனால் அன்றும் மணிக்கு 150 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. மிச்சப்பேர் டெல்லி அப்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூட்டம் இல்லாத நாளில் ஆள் வராது, கூட்டம் வரும் நாளில் இடம் போதாது, இடவாடகையும் ஜெனரேட்டர் டீசலும் ஆட்களின் சம்பளமும் இரண்டு நாளும் ஒன்றுதான்.

லைட்டருக்கு வருகிறேன். அந்தப் பையன் அதைக் கொளுத்தியது வழி தெரியாமல் என்றுதான் அதே சாட்சியம் சொல்கிறது. நெருப்புப் பட்ட இடம் சுவரில் ஒட்டியிருந்த நுரைமெத்தை. லைட்டரைக் கொண்டுவந்தவன் வாடிக்கையாளர். நுரைமெத்தையை ஒட்டியவன் யார்?

எடிசன்வாசி:
நான் அந்த நியூஜெர்சியில்தான் வசிக்கிறேன், இரண்டு அக்டோபர்களில் வார இறுதிப் பேயாக வேடமும் போட்டிருக்கிறேன். இங்கே பெரும்பாலான பேய் வீடுகள் செப்டம்பர் கடைசியில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடிவிடும். அந்த ஐந்தாறு வார வசூலில்தான் ஆண்டு முழுவதற்கும் கிடங்கு வாடகையும் காப்பீடும் கட்ட வேண்டும். சனிக்கிழமை இரவு மழை பெய்தால் அந்த ஆண்டே கவிழ்ந்துவிடும். 1984-க்குப் பிறகு விதிகளும் கடுமையாகிவிட்டன: நீர் தெளிப்பான் வேண்டும், புகை எழுந்ததும் பேய்ச் சத்தம் தானாக நின்று வெளியேறும் வழியில் விளக்கு எரிய வேண்டும். ஒரு விஷயம் கேட்கிறேன், நம் ஊர்ச் சட்டப்படி தற்காலிக அமைப்பு என்பதற்கு வரையறை என்ன?

வல்லினம்:
பெயர்ப்பலகைகளில் பேய் மாளிகை, பேய் பங்களா என்றெல்லாம் எழுதுகிறார்கள். தகரக் கொட்டகையை மாளிகை என்று விற்பதிலேயே இந்தத் தொழிலின் நேர்மை தெரிகிறது.

பொருட்காட்சிக்காரன்:
வல்லினம் அவர்களே, தகரத்தை மாளிகையாக நம்பவைக்க ராத்திரி முழுவதும் தூரிகை பிடித்தவர்களை உங்களுக்குத் தெரியாது. சினிமா செட் வேலை இல்லாத மாதங்களில் எங்களிடம் வந்த ஓவியர் ஒருவர் ப்ளைவுட்டில் ஈரம் கசியும் கருங்கல்லை வரைவார். தொட்டுப் பார்த்த பிறகுதான் அது பலகை என்று தெரியும். அந்த உழைப்பை நேர்மையின்மை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
மறுபடியும் ஓவியர் கதை வந்துவிட்டது. லைட்டர் கேள்விக்கு நேரான பதில் மட்டும் வரவில்லை. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று நிர்வாகம் வாதாடியது, ஜூரி விடுதலை செய்தது. இன்னொன்றும் கேளுங்கள். சான் டியேகோவில் ஒருவர் பேய்ப் பாதை முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், சங்கிலி கழற்றிய மரமறுக்கும் இயந்திரத்தோடு நடிகர் துரத்த, ஓடி விழுந்து அடிபட்டார். பயப்படத்தானே பணம் கொடுத்தீர்கள் என்ற அடிப்படையில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் அவர் வழக்கை நிராகரித்தது. சட்டம் முதலாளி பக்கம் நிற்கிறது. முன்பு இதே மன்றத்தில் நடந்த ராட்டின விவாதத்திலும் அண்ணாச்சி இப்படித்தான் ஆதாரம் கேட்டதும் பாதியில் காணாமல் போனார்.

பொருட்காட்சிக்காரன்:
ராட்டின விவாதத்தில் நான் காணாமல் போகவில்லை. என் தாயார் மருத்துவமனையில் இருந்தார், அதை அங்கேயே எழுதிவிட்டுத்தான் போனேன். அதை மூன்றாவது முறையாக இழுக்கிறீர்கள்.

மேல்முறையீடு வரை போய் ஜெயிப்பதற்கு வக்கீலும் காப்பீடும் வேண்டும். கறுப்புத் துணியும் நான்கு முகமூடியும் வைத்திருப்பவனிடம் அவை இருக்குமா? அந்த வழக்கில் ஒருவர் கீழே விழுந்தார், நியூஜெர்சியில் எட்டுப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? 1979-ல் சிட்னி லூனா பூங்காவில் பேய் ரயில் எரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். நம் ஊருக்கும் வருவோம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்து மணமகனே இறந்தார். அந்தப் பந்தலும் தற்காலிகம்தான்.

அந்தச் செய்தியைப் படித்த மறு ஆண்டு நான் பேய் வீட்டின் நடுவில் இரண்டாவது வாசல் வைத்தேன். அதற்காகச் சுவர் ஒன்றைக் குறுக்கினேன், ஒரு பேய்க்குரிய இடம் போயிற்று, வாசலில் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு நிறுத்தினேன். பக்கத்துத் திடலில் அதே டிக்கெட் விலைக்கு ஒரே வாசலோடு நடத்தியவர் என்னைவிட அதிகம் சம்பாதித்தார். என் கடன் அங்கேதான் தொடங்கியது.

எடிசன்வாசி:
வரையறையை யாராவது சொல்லியிருந்தால் விவாதம் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது வாசல் வைத்தது உங்கள் விருப்பம், அது தொழிலின் குற்றம் அல்ல. என் 21 லட்சம் கணக்கில் ஒரு பிழையையும் யாரும் காட்டவில்லை. லைட்டரைக் கொளுத்தியது யார் என்று முதலில் சொல்லுங்கள்.

பொருட்காட்சிக்காரன்:
பிழையைக் காட்டியாயிற்று, செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள். உங்கள் 21 லட்சத்தில் இரண்டாவது வாசலுக்கும், அதில் நிற்கும் ஆளுக்கும், தையல் போட்ட பையனுக்கும் எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அப்புறம் லைட்டரைப் பற்றிப் பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
முதலில் லைட்டர்.