ஹீட்டட் ஹ்யூமிடிஃபயர் உள்ள சிபாப் மெஷின்: எதை வாங்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 68. ஸ்லீப் ஸ்டடியில் ஏஹெச்ஐ (தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 41 வந்திருக்கிறது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்கிறார்கள். டாக்டர் ஆட்டோ சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டை அடைக்காமல் வைக்கும் மெஷின், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்) எழுதிக் கொடுத்தார், மாடல் எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கோத்தகிரி. முதலில் வாடகைக்கு எடுத்த மெஷினில் ஹ்யூமிடிஃபயர் (தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரப்படுத்தும் பகுதி) கிடையாது. காலையில் மூக்கடைப்பு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வராது. ஹ்யூமிடிஃபயர் உள்ளதை மாற்றிக் கொடுத்தார்கள். இந்தக் குளிருக்கு ஆவி ட்யூபுக்குள்ளேயே தண்ணீராகி, நடுராத்திரி மாஸ்க்கில் களகளவென்று சத்தம், கன்னமெல்லாம் ஈரம். ட்யூபின் மேல் அம்மாவின் பழைய சால்வையைச் சுற்றித்தான் ஓட்டுகிறோம். அதனால் ட்யூபும் சூடாகிற வகைதான் வேண்டும்.

பார்த்து வைத்திருப்பது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, 11, பிஎம்சி ஜி3. சூடாகும் ட்யூப் பெட்டியோடு வருமா, தனிக் காசா என்பதில் கடைக்கு ஒரு பதில். பழைய பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் ஒன்று மலிவாக வந்தது. 2021-இல் உள்ளே இருக்கும் ஃபோம் பிரச்சினையால் திரும்பப் பெற்ற வரிசை என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

மலைப்பகுதியில் இதைப் பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்: ட்யூபை எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள்? கரண்ட் போனால் சூட்டை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்த நாளில் என்ன செய்கிறீர்கள்? கோவையில் ஒழுங்காக சர்வீஸ் செய்கிற கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் வாங்கியாக வேண்டும், வாடகை ஏறிக்கொண்டே போகிறது.