சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

அம்மாவுக்கு 66 வயது. போன வருடம் மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாற்றினார்கள். காலையில் 20 யூனிட். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சுகர் 300ஐ விட்டு இறங்கவே இல்லை. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "சோறு நிறையச் சாப்பிடுறீங்களாம்மா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டார். 24 யூனிட் ஆக்கி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ராத்திரி சோறே கிடையாது, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுப்பார். ஒளித்து வைத்து இனிப்பு சாப்பிடுகிறாரோ என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது அங்கிருந்த சிஸ்டர், "வீட்ல இருக்கிற பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்துட்டு வாங்கம்மா, எப்படிப் போடுறீங்கன்னு காட்டுங்க" என்றார். மறுநாள் கொண்டுபோனோம். அம்மா சிரிஞ்சை எடுத்ததுமே சிஸ்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மூடி ஆரஞ்சு நிறம்.

எங்கள் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. அதில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். 24 ஆக்கிய பிறகும் 10 தேறவில்லை. அம்மா ஒரு நாள்கூட ஊசியை விடவில்லை, கோட்டையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கடையில் சிரிஞ்ச் கேட்டோம், கொடுத்தார்கள், அவ்வளவுதான். திடீரென்று 24ம் முழுசாக உள்ளே போனால் சுகர் சட்டென்று இறங்கிவிடும் என்று டாக்டர் 12இல் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றினார்.

* * *

எங்கள் தாத்தா கதையும் இதே ரகம்தான் அக்கா. மூச்சுத்திணறலுக்குக் கேப்ஸ்யூலும் கூடவே ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுத்தார்கள். சீட்டில் மற்ற மாத்திரைகளுக்குக் கீழே 1-0-1, அதாவது காலை ஒன்று, இரவு ஒன்று. தாத்தாவுக்கு 1-0-1 தண்ணீர் பட்ட பாடு, பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை போடுகிறவர். மூன்று வாரம் அதை வெந்நீரில் விழுங்கியிருக்கிறார். கருவிக்குள் போட்டுப் பொடியை வாயால் இழுக்க வேண்டியது அது! கருவி டப்பா பிரிக்காமல் டிவி ஸ்டாண்டில் இருந்தது. "புரிஞ்சுதான்னு கேட்டாங்கல்ல தாத்தா?" என்றேன். "பின்னாடி நாப்பது பேர் நிக்கிறான், புரியலைன்னா சொல்லச் சொல்ற?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

* * *

நான் மருந்துக்கடையில் இருப்பவன், திட்டாதீர்கள். சிரிஞ்ச் கேட்டால் எத்தனை யூனிட் பாட்டில் என்று கேட்பேன். பாதிப் பேர், "எப்பவும் வாங்குறதுதான், குடுங்க" என்பார்கள். கூட்ட நேரத்தில் அதற்கு மேல் கேட்டால் கோபம் வருகிறது. இதற்கு நேர்மாறாக நடந்தால்தான் பெரிய ஆபத்து. இன்சுலின் பென், அதாவது பேனா மாதிரி ஊசிக் கருவி, அதில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட் மருந்து. பென் கெட்டுப்போனதும் அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்துப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். காலி பாட்டிலைக் கையோடு கொண்டுவந்தால் எங்களுக்கும் நல்லது.

* * *

அண்ணா, அம்மா இப்போது அதைத்தான் செய்கிறார். போன வாரம் கடைப்பையன் ஆரஞ்சு மூடியை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றிருக்கிறான். காலி பாட்டிலை மேசையில் வைத்து, "இதுல என்ன போட்டிருக்கு, சத்தமாப் படிப்பா" என்றாராம்.