ரபி பென் லேவி வாளைத் திருப்பிக் கொடுத்தது ஏன்?

கேள்வி:
அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1863-இல் வெளியிட்ட கதைக்கவிதைத் தொகுப்பில், விடுதியில் கூடியிருக்கும் ஸ்பானிய யூதர் சொல்லும் ரபி (யூத சமய அறிஞர்) பென் லேவியின் கதையை அண்மையில் வாசித்தேன். உயிரைக் கொண்டுபோக வந்த மரணத் தூதனிடம் சொர்க்கத்தில் தமக்குரிய இடத்தை முதலில் காட்டச் சொல்லும் ரபி, வழித்துணைக்கு வருபவன் கையில் வாள் இருக்கக் கூடாது என்று அதையும் வாங்கிக்கொண்டு, மதிலைத் தாண்டி உள்ளே குதித்துவிடுகிறார். இவ்வளவு சாமர்த்தியசாலி வாளை ஏன் திருப்பிக் கொடுத்தார்? மூலக்கதையிலும் அப்படித்தானா?

மறுமொழி 1:
மூலத்திலும் கொடுத்துவிடுகிறார். யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்முத்தின் கெதுபோத் பகுதியில், லோத் நகரில் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோசுவா பென் லேவியைப் பற்றி இக்கதை வருகிறது. அங்கே அது வாளன்று, கத்தி. அவர் குதித்ததும் தூதன் மேலங்கியின் நுனியைப் பிடித்து இழுக்கிறான். அவரோ இனி வெளியே வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிடுகிறார். அவர் எப்போதாவது தம் சத்தியத்திலிருந்து விடுவிப்புப் பெற்றதுண்டா என்று பார்க்கச் சொல்கிறார் கடவுள். ஒருமுறையும் இல்லை என்பதால் அவர் உள்ளேயே தங்கலாம். ஆனால் கத்தி வேறு விஷயம்: உயிர்களுக்கு அது தேவை, கொடுத்துவிடு என்று வானிலிருந்து ஒரு குரல் ஒலிக்கிறது. சாவிலிருந்து ஒருவர் தப்பலாம், சாவே இல்லாமல் போகக் கூடாது என்பதாகவே நான் இதைப் படிக்கிறேன். (தமிழில் சொல்லும்போது ‘எமன்’ என்று எழுதிவிடாதீர்கள்; பாசக்கயிறும் எருமையும் கூடவே வந்துவிடும், பிறகு கத்திக்கு வேலையிருக்காது.)

மறுமொழி 2:
கவிஞர் சேர்த்தது வேறு இடத்தில் இருக்கிறது. இனி எந்த மனிதக் கண்ணும் இந்த வாளைக் காணக் கூடாது என்று தூதனிடம் உறுதிமொழி வாங்கிய பிறகே ரபி அதைக் கொடுக்கிறார். அன்றுமுதல் தூதன் கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறான். தால்முத்தில் இந்த நிபந்தனை இல்லை. என் கணக்கில் கவிதையின் மிகச் சிறந்த இடம் அதுதான்.

மறுமொழி 3:
சாமர்த்தியத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். தால்முத்தின் அதே பக்கத்தில், தொற்றும் என்று அஞ்சி மற்ற ரபிகள் ஒதுங்கிய கொடிய நோயாளிகளை அணைத்து உட்கார்ந்து இவர் தோரா (யூதர்களின் வேதம்) படித்தார் என்று முன்னதாகவே வருகிறது. பின்னாளில் ஹனினா பார் பாப்பா என்ற அறிஞரும் தூதனிடம் கத்தியைக் கேட்டார். உம் நண்பர் செய்ததையே செய்யப் பார்க்கிறீரோ என்று உஷாரானான் தூதன். தோராவில் தாம் கடைப்பிடிக்காதது எதுவும் உண்டா என்று ஹனினா மடக்கியபோது, அவன் ஒன்றுதான் கேட்டான்: அந்த நோயாளிகளை அணைத்துக்கொண்டு நீர் படித்ததுண்டா?