பிஎம்ஐ-க்குத் தமிழ்ச்சொல்: 'எடையுயரச் சுட்டெண்' என்று வைக்கலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'உடல் நிறைக் குறியீட்டெண்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிஎம்ஐ என்ற எண்ணுக்கு இன்னொரு சொல் எதற்கு என்று நம் குழுவின் தஞ்சாவூர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். போன மாதம் வரை நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கான உடல்நலப் பரிசோதனை நடந்தது. முடிவுச் சீட்டில் தமிழ்ப் பகுதியை எழுதிக் கொடுத்தவன் நான். எழுபதை நெருங்கும் அம்மா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். "தம்பி, உடல் நிறைன்னு போட்டிருக்கே, அப்ப குறை ஒண்ணும் இல்லதானே?" என்றார்.

அவர் எடை 52 கிலோ, உயரம் 1.52 மீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 22.5 வருகிறது; இதுதான் பிஎம்ஐ. சிங்கப்பூரில் 2005 முதல் இருக்கும் வரம்புப்படி 18.5 முதல் 22.9 வரை அபாயம் குறைவு. ஆனால் அந்த அம்மா பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கை கால்களில் தசை வற்றியிருக்கிறது. தாதி அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தபோது வயிறு 88 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கு 80-க்குள் இருக்கவேண்டும் என்பார்கள். இத்தனையும் இருக்க, 'நிறை' என்ற ஒரு சொல்லைப் பார்த்து அவர் நிம்மதியாகக் கிளம்பினார். நிறைகுடம், நிறைமாதம், நிறைகுறை என்று பேசுகிற நம் காதில் அந்தச் சொல் வேறெப்படி விழும்? ஓடிப்போய் நிறுத்தி விளக்கினேன். சீட்டு வாங்கிய எல்லாரையும் அப்படி நிறுத்த முடியவில்லை.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன சிக்கலும் இதோடு சேர்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை (பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு) வேறு, எடை (புவி அதை இழுக்கும் விசை) வேறு. இலங்கைப் பாடநூலில் திணிவு என்பதுதான் நம் நிறை; அங்கே நிறை என்றால் நம் எடை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து புளோக்கில் குடியிருக்கும் சிங்கப்பூரில் ஒரே சீட்டை இருவரும் இரண்டு விதமாகப் படிப்பார்கள். பிஎம்ஐ-க்குச் சிலர் எழுதும் 'உடற்பருமன் குறியீட்டெண்' இன்னும் மோசம். ஒல்லியான பிள்ளைக்கும் இந்த எண் உண்டே, அதைப் பருமன் என்றா எழுதுவது?

இந்தக் கணக்கைப் போட்டவர் பெல்ஜியத்துக் கெத்லே. வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவர் இல்லை. 1830-களில் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியத்தான் இதைப் பயன்படுத்தினார். வெகுகாலம் அது கெத்லே சுட்டெண்ணாகவே இருந்தது. 'உடல் நிறை' என்று பொருள்படும் இன்றைய பெயரை அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் குழுவினர் 1972-இல்தான் வைத்தார்கள். ஆக, அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கும் கடமை நமக்கு இல்லை. கணக்குக்குள் என்ன போகிறதோ அதைச் சொன்னால் போதும். எடை போகிறது, உயரம் போகிறது, வேறெதுவும் போவதில்லை. கொழுப்பா தசையா, கொழுப்பு தொடையில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. தேசிய சேவை என்னும் கட்டாயப் படைச் சேவையில் உடம்பை முறுக்கேற்றிய 1.70 மீட்டர் உயரப் பையன் 80 கிலோ இருந்தால் 27.7 வரும். 27.5-க்கு மேல் அபாயம் அதிகம் என்று அதே அட்டவணை அவனையும் அந்தக் கட்டத்தில் போட்டுவிடும்.

அதனால் என் முன்மொழிவு: எடையுயரச் சுட்டெண். வாய்க்கும் சுளுவாக வருகிறது. குறியீட்டெண் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. இங்கே குறியீடு என்றதும் பலருக்கு அஞ்சல் குறியீடுதான் நினைவுக்கு வருகிறது. சுட்டெண்ணில் சுட்டுவிரல் இருக்கிறது. ஒரு பக்கமாகக் கைகாட்டும் எண் என்று தானே புரியும். இலங்கையில் விலைச் சுட்டெண் வழக்கில் இருக்கும் சொல்தான். 'உயரத்தின் வர்க்கம் பெயரில் இல்லையே' என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், ஆனால் அதையும் சேர்த்தால் பெயர் அரைவரி நீளும்.

கூடவே இன்னொரு சொல்லையும் முடிவு செய்யவேண்டும். அதுதான் எனக்கு இதைவிட முக்கியம். சீட்டில் 'இடுப்புச் சுற்றளவு' என்று எழுதியிருந்தேன். நம் ஆண்களுக்கு இடுப்பு என்பது வேட்டி கட்டும் இடம், பெல்ட் போடும் இடம். தொப்பைக்குக் கீழே நாடாவைப் பிடித்து "34 அங்குலம்தான்" என்றார் ஒருவர். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வைத்துத் தாதி அளந்தபோது 101 சென்டிமீட்டர்! ஆண்களுக்கு வரம்பு 90. சீட்டில் 'வயிற்றுச் சுற்றளவு' என்று இருந்திருந்தால் அவர் நாடாவைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோயிருப்பார்.

23 என்ற எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிய மக்களுக்கு, உலகப் பொது எல்லையான 25-க்குக் கீழேயே ஆபத்து தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் விவாதித்த 2002 கூட்டம் நடந்ததே நம் சிங்கப்பூரில்தான். அதே எண்ணுக்கு ஐரோப்பியரைவிட நம் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் 18.5 முதல் 22.9 வரை 'இயல்பு' என்று எழுதாமல் 'அபாயம் குறைவு' என்றே எழுதுவோம். இயல்பு என்றால் சோதனையே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் பார்க்கும் தனி அட்டவணை இருப்பதால், இந்த எல்லைகளை அவர்களின் சீட்டில் போடக்கூடாது.

அடுத்த அச்சுக்கு நான் எழுதி வைத்திருக்கும் வரி இது: "எடையுயரச் சுட்டெண் 22.5, அபாயம் குறைவு (எடையும் உயரமும் மட்டும் பார்த்தது). வயிற்றுச் சுற்றளவு 88 செ.மீ., வரம்பைவிட அதிகம். மருத்துவரிடம் கேளுங்கள்." சீட்டு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து அக்காவும் தஞ்சாவூர் ஐயாவும் கட்டாயம் எழுதவேண்டும்.