புதுப்பிப்பு: ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கிறது, கோளாறு கேபிளில்

வண்டியில் புது பேட்டரி போட்டும் ஹெட்லைட் மங்குகிறது, ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது கரன்ட் தயாரித்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) மாற்றணுமா என்று கேட்டிருந்தேன். வோல்டேஜ் டிராப், அதாவது கேபிள் வழியில் எவ்வளவு வோல்டேஜ் குறைகிறது என்று பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

எஞ்சின் ஓட, ஹெட்லைட், புளோவர் எல்லாம் போட்டுவிட்டு அளந்தேன். பேட்டரி முனைகளில் 12.9 வோல்ட்தான். ஆனால் ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.0! அதாவது கரன்ட் உற்பத்தியாகிறது, வந்து சேரவில்லை. அந்த போல்ட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு வைத்தால் 1.0 வோல்ட் காட்டியது. 0.2, 0.3க்கு மேல் போனாலே சந்தேகப்படணும். எர்த் (நெகட்டிவ்) பக்கம் 0.1, அதில் வம்பில்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே நட்டில் ஸ்பேனர் வைத்தேன். எஞ்சின் நின்றிருந்தாலும் அந்த போல்ட்டில் கரன்ட் இருக்கும். ரப்பர் மூடியை விலக்கினால் லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) முழுக்கப் பச்சைக் களிம்பு, நட்டு விரலாலேயே சுழன்றது. கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்கினேன். இப்போது அதே லோடில் பேட்டரியில் 13.9.

டையோடு (ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரன்ட்டை டிசியாக மாற்றும் பாகம்) மேல் சந்தேகமும் இருந்ததால், மீட்டரை ஏசி வோல்டேஜுக்கு மாற்றிப் பார்த்தேன்: 0.03 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால்தான் கவலை.

அப்புறம், ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன நண்பரே, அது கார்புரேட்டர் காலத்து வித்தை. இன்றைய வண்டியில் வோல்டேஜ் எகிறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே போய்விடும்.