பின்னாடி வந்து செருகுனவனுக்கும் 4, எனக்கும் 4. இது என்ன பெனால்டி கணக்கு?

மஞ்சக்கொடி:
மக்களே, சிம் ரேசிங் (கம்ப்யூட்டர்ல ஓட்டுற கார் ரேஸ்) பக்கம் வந்து நாலு மாசம்தான் ஆகுது, ரெண்டு விஷயம் மண்டைய குடையுது. மொத விஷயம், நான் பாட்டுக்கு என் லைன்ல பிரேக் பிடிச்சிட்டிருக்கேன், பின்னாடி வந்தவன் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்து வந்து செருகிட்டான், முடிஞ்சதும் பாத்தா அவனுக்கும் 4 இன்சிடென்ட் பாயிண்ட் (மோதல், தப்புக்கு கேம் போடுற புள்ளி) எனக்கும் 4. அடி வாங்குனவனுக்கும் அபராதமா?

ரெண்டாவது லீக் ரேஸ். இத்தாலி மோன்சா ட்ராக், ஜிடி3 ரேஸ் கார், மெயின் ஸ்ட்ரெயிட் முடிஞ்சு வர்ற முதல் சிக்கேன் (வலது இடதுன்னு அடுத்தடுத்து வர்ற வளைவு). முன்னாடி போனவர் உள்பக்கம் லாரி போற அளவுக்கு இடம் விட்டிருந்தாரு, நான் லேட்டா பிரேக் பிடிச்சு உள்ள நுழைஞ்சேன், மனுஷன் அப்படியே குறுக்க திரும்பி கதவ சாத்திட்டாரு, இடிச்சு அவர் சுத்திட்டாரு. ஸ்டூவர்டுங்க (ரேஸ் நடுவருங்க) எனக்கு 10 செகண்ட் பெனால்டி போட்டுட்டாங்க, 5-ல முடிச்சவன் 11-க்கு போயிட்டேன். ரீப்ளே இருக்கு. அப்பீல் போடலாமா?

பிட்லேன்பித்தன்:
மொத கேள்விக்கு மட்டும் சொல்றேன், ரெண்டாவதுல மாட்டிக்க விரும்பல 😄

அது அபராதம் இல்ல ப்ரோ, அப்படி பாக்காதீங்க. ஐரேசிங்ங்கிற கேமையே எடுத்துக்கோங்க, ட்ராக்க விட்டு வெளிய போனா 1 எக்ஸ் (அதாவது 1 இன்சிடென்ட் பாயிண்ட்), கன்ட்ரோல் போச்சுன்னா 2 எக்ஸ், இன்னொரு கார்மேல நல்லா மோதுனா 4 எக்ஸ், லேசா உரசுனா 0. யார் தப்புன்னு அது பாக்கறதே இல்ல. ரெண்டு கார் மோதுச்சுன்னு கம்ப்யூட்டருக்கு தெரியும், ஏன் மோதுச்சுன்னு தெரியாது, அதனால ரெண்டு பேருக்கும் எழுதிட்டு போயிடும். சேஃப்டி ரேட்டிங் (எவ்வளவு பத்திரமா ஓட்டுறீங்கன்னு காட்டுற மார்க்) எத்தனை கார்னருக்கு எத்தனை இன்சிடென்ட்ங்கிற கணக்குல ஓடுது, அதனால ஒருத்தன் வந்து இடிச்ச 4 எக்ஸ அடுத்த ரெண்டு மூணு ரேஸ சுத்தமா ஓட்டியே சரிக்கட்டிடலாம். கிரான் டூரிஸ்மோ மாதிரி கேமே தப்பு யாருதுன்னு கண்டுபிடிச்சு டைம் பெனால்டி குடுக்கப் பாத்தா அது வேற தலைவலி, இடிபட்டவனுக்கே சிலசமயம் விழும், அதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

வேணும்னே இடிச்சான்னு தோணுச்சுன்னா ரீப்ளேய கட் பண்ணி ப்ரொடெஸ்ட் (புகார்) போடுங்க, அத மனுஷங்க பாப்பாங்க. ஒண்ணு மட்டும், சாட்ல திட்டிடாதீங்க. அவன் தப்பிச்சு நீங்க சஸ்பென்ட் ஆவீங்க.

ஏபெக்ஸ்அக்கா:
நான் ஒரு லீக்ல மூணு சீசனா ஸ்டூவர்டு, அந்த அனுபவத்துல சொல்றேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. "இடம் விட்டிருந்தாரு"ங்கிறத வாரா வாரம் படிக்கிறேன். வலது பக்கம் திரும்புற கார்னருக்கு எல்லாருமே இடது ஓரமா போய்த்தான் பிரேக் பிடிப்பாங்க, அப்ப உள்பக்கம் காலியாத்தான் தெரியும், அவர் திரும்ப ஆரம்பிச்சதும் அந்த இடம் இருக்காது. அவர் உங்களுக்காக விட்ட இடம் இல்ல அது.

ரீப்ளேய எடுத்து மேலருந்து பாக்கிற கேமராவ போட்டு, அவர் ஸ்டியரிங் திருப்ப ஆரம்பிக்கிற ஃப்ரேம்ல நிறுத்துங்க. உங்க முன் வீல் அவர் கார்ல எந்த இடத்துல இருக்கு? கதவுக்கு பக்கத்துலயா, பின் டயர் பக்கத்துலயா? கார் ரேஸ் உலக அமைப்பான எஃப்ஐஏ எஃப்1-க்கு வச்சிருக்கிற வழிகாட்டுதல்ல, உள்பக்கமா ஓவர்டேக் பண்றவரோட முன் ஆக்சில் (முன் வீல் அச்சு) ஏபெக்ஸ் (வளைவோட உள் முனை) வர்றதுக்குள்ளயே மத்தவரோட சைடு கண்ணாடிக்கு நேரா வந்திருக்கணும், அதோட கார் கன்ட்ரோல்ல இருந்து ட்ராக்குக்குள்ளயே கார்னர முடிக்கவும் முடியணும். எங்கள மாதிரி லீக்ல கொஞ்சம் தளர்த்திப்போம், திரும்பும்போது பாதி காருக்காவது பக்கத்துல இருக்கியான்னுதான் பாப்போம்.

இன்னொண்ணு, உங்க ஸ்க்ரீன்ல பாத்தத அவரும் பாத்திருப்பாருன்னு நெனைக்காதீங்க. நெட்ல வர்ற தகவல வச்சு அடுத்த கார் இந்நேரம் எங்க இருக்கும்னு உங்க மெஷின் ஊகிச்சுதான் வரையுது. 200 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு சுமார் 55 மீட்டர், 100 மில்லிசெகண்ட் தாமதம்னா 5 மீட்டருக்கு மேல, அது ஒரு கார் நீளம். ஊகம் பெரும்பாலும் சரியாத்தான் வரும், ஆனா நீங்க கடைசி நொடில உள்ள பாயும்போதுதான் அது தடுமாறும்.

மஞ்சக்கொடி:
அக்கா பாத்தேன். நேர்மையா சொல்லணும்னா என் முன் வீல் அவரோட பின் டயர் பக்கத்துல இருக்கு 😬 ஆனா அதுக்கு முன்னாடி ஸ்ட்ரெயிட்ல அவர் ஒரு தடவ வலது பக்கம் வந்துட்டு திரும்ப இடது பக்கம் போனாரே, அது ப்ளாக்கிங் ஆகாதா?

ஏபெக்ஸ்அக்கா:
டிஃபென்ட் பண்ண ஒரு தடவ லைன் மாத்தலாம். திரும்ப ரேசிங் லைனுக்கு (வேகமா போக எல்லாரும் எடுக்கிற பாதை) போகும்போது ஓரத்துல ஒரு கார் அகலம் விட்டா எங்க லீக்ல ஒத்துப்போம். பிரேக் பிடிக்க ஆரம்பிச்ச அப்புறம் நகர்றது, நீங்க நகர்றத பாத்து அவர் நகர்றது, இது ரெண்டும்தான் தப்பு. அது எங்கயாச்சும் நடந்துச்சுன்னா அந்த நேரத்த மட்டும் குறிச்சு அப்பீல்ல எழுதுங்க. ரெண்டு பக்கத்துக்கு ஆதங்கத்த எழுதாதீங்க, யாரும் படிக்க மாட்டோம் (நான் படிப்பேன், மத்தவங்க மாட்டாங்க).

ரெண்டாம்கியர்:
பெனால்டி பெருசுங்கிறீங்களே, 2024-ல இதே மோன்சால எஃப்1 ரேஸ்ல, ரெண்டாவது சிக்கேன்ல காஸ்லிங்கிற டிரைவர தட்டுனதுக்கு மேக்னசன்ங்கிற டிரைவருக்கும் 10 செகண்ட்தான். கூடவே லைசென்ஸ்ல 2 பெனால்டி பாயிண்ட், அதோட மொத்தம் 12 சேந்து அடுத்து பாக்கு நகரத்துல (அஜர்பைஜான்) நடந்த ரேஸ்ல வெளிய உக்கார வச்சுட்டாங்க. நல்ல கம்பெனிலதான் இருக்கீங்க.

ஆனா உங்ககிட்ட ஒரு கேள்வி, அவர் சுத்துனப்ப நீங்க நின்னீங்களா? எங்க லீக்ல இடிச்சவன் ஓரமா ஒதுங்கி அவர முன்னாடி விட்டுட்டு போனா பெனால்டி பாதியாகும், சிலசமயம் வெறும் வார்னிங்கோட முடிஞ்சிடும். நீங்க 5-ல முடிச்சதா சொல்றத பாத்தா நிக்கலன்னு தெரியுது. அப்புறம் நீங்க என்னிக்காச்சும் சுத்துனா பிரேக்க அப்படியே அமுக்கிப் பிடிச்சு நில்லுங்க, பதட்டத்துல ஆக்ஸிலரேட்டர அமுக்கி குறுக்க வந்து நாலு பேர கூட்டிட்டு போகாதீங்க. திரும்ப ட்ராக்குக்குள்ள வர்றப்ப பாத்து வர வேண்டியது வர்றவன் பொறுப்பு, முழு வேகத்துல வர்றவனுக்கு உங்களுக்காக ஒதுங்க நேரமே இருக்காது.

மஞ்சக்கொடி:
நிக்கல. இப்படி ஒரு வழி இருக்குன்னே தெரியாது.

அப்பீல் போடல. அவருக்கு சாரி சொல்லி மெசேஜ் போட்டேன், திட்டுவாருன்னு பாத்தா "பரவால்ல, எங்க பிரேக் பிடிச்சீங்க?"ன்னு கேட்டாரு. ரீப்ளேய திரும்ப ஓட்டி பாத்தேன், கார்னருக்கு 100 மீட்டர் இருக்குன்னு காட்டுற போர்ட தாண்டினப்புறம்தான் என் பிரேக் லைட்டே எரியுது.

பிட்லேன்பித்தன்:
அப்போ உங்களுக்கு முன்னாடி ஆளே இல்லன்னாலும் அந்த கார்னர் கிடைச்சிருக்காது ப்ரோ 😂