எட்டு வயதினருக்கு நிரலாக்கம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
எட்டு வயது மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் பைத்தான் மொழியில் நேரடியாகத் தொடங்கலாமா, கட்டளைத் துண்டுகளைத் திரையில் இழுத்து அடுக்கும் ஸ்கிராட்ச் போதுமா?

மறுமொழி 1:
ஸ்கிராட்சிலேயே தொடங்குங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட இம்மொழி, 8 முதல் 16 வயதுடையோரை மனத்தில் கொண்டே உருவாக்கப்பட்டது. பொருந்தாத கட்டளைத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதென்பதால் தொடரமைப்புப் பிழை (மொழியின் எழுத்து விதியை மீறும் பிழை) என்னும் தொல்லை ஏறத்தாழ இல்லை. பைத்தானிலோ ஒரு முக்காற்புள்ளி (:) விடுபட்டாலே நிரல் ஓடாது, தட்டச்சே பழகாத குழந்தை அங்கேயே சோர்ந்துவிடும்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆயினும் முதல் வகுப்பைக் கணினியின்றி நடத்துங்கள். தரையில் கட்டங்கள் வரைந்து, ஒரு மாணவரை இயந்திரமாக நிறுத்தி, மற்றவர்கள் “ஓரடி முன்னே செல்”, “வலப்புறம் திரும்பு” என எழுதிக் கொடுத்த கட்டளைகளை மட்டும் அவர் பின்பற்றட்டும். ஒரு திருப்பம் விடுபட்டால் அவர் சுவரில் போய் முட்டி நிற்பார். எந்த வரியில் பிழை என்று அவர்களே தேடுவார்கள். (சிரிப்பொலி அடங்கச் சற்று நேரமாகும்.) 1967இல் உருவான லோகோ என்னும் நிரல்மொழியில், கோடு வரையும் ஆமையை நகர்த்துவதும் இம்முறையில்தான்.

மறுமொழி 3:
பிறகு ஸ்கிராட்சில் பேனா நீட்சியை (நகரும் உருவம் கோடு வரைய உதவும் கூடுதல் துண்டுகளை) சேர்த்துச் சதுரம் வரையச் சொல்லுங்கள். “100 நகர், 90 பாகை திரும்பு” என்பதை நான்கு முறை அடுக்கி அலுத்தவர்களுக்கே “மீண்டும் செய்” துண்டின் அருமை புரியும். அடுத்து முக்கோணம்: பலரும் 60 பாகை என்றே இடுவார்கள். திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்று உடனே சொல்லிவிடாதீர்கள்; அவர்களே கண்டுபிடிக்கட்டும்.